இருப்பதும் காட்டப்படுவதும்: கையிருப்புப் புகைப்படங்களில் இனப் பன்மை குறித்து ஒரு நோக்கு

இலக்கியப் படைப்பொன்றைத் திறனாய்வுக்கு உட்படுத்தும்போது நாம் காட்டும் கவனத்தில் நூற்றிலொரு பங்கைத்தானும் விளம்பரக் கையேடொன்றின் அட்டைப்படத்துக்கு அளிப்பதில்லை. அத்தகைய படங்கள் ஆழ்ந்து நோக்கப்படவேண்டியவை அல்ல என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயினும், ஒரு சமூகம் தன்னை எவ்வாறு காண விரும்புகின்றது, யாரைத் தன்னுள் ஒருவராகக் கொள்கின்றது, யாரை மறந்துவிடுகின்றது என்பனவற்றை அறிவதற்கு, ஆக்கியோன் பெயர் அறியப்படாத இப்படங்கள் பெயர்பெற்ற படைப்புக்கள் பலவற்றிலும் பார்க்கத் தெளிவான சான்றுகளாய் அமைகின்றன.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சந்தைப்படுத்தற் பணியில் ஈடுபட்டிருப்போர், பல இனத்தவரையும் உள்ளடக்கிய படங்களைப் பெறுவது அரிதாயுள்ளது என நெடுங்காலமாகக் குறைகூறி வந்துள்ளனர். மேலோட்டமாக நோக்குமிடத்து இது ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையே. வேண்டிய பொருள் ஒரு கடையிற் கிடையாவிடின் இன்னொரு கடையை நாடவேண்டியதுதானே எனலாம். ஆயின், இக்குறையின் உள்ளே பிறிதொரு வினா மறைந்து கிடக்கின்றது. படம் கிடைக்கவில்லை என்று ஒரு நிறுவனம் கூறும்போது, உண்மையில் அங்கு இல்லாதிருப்பது படமா, அல்லது படத்தில் இருந்திருக்கவேண்டிய மனிதரா? இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாதவிடத்து, நல்லெண்ணத்தோடு தொடங்கும் தேடலும் பொய்யிற் சென்று முடியும் என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

முதலிற் கையிருப்புப் படம் என்பது யாது என நோக்குவோம். குறித்த ஒரு செய்திக்காகவோ நிகழ்ச்சிக்காகவோ எடுக்கப்படாது, பிற்காலத்தில் எவரேனும் ஏதேனுமொரு தேவைக்கு வாங்கக்கூடும் என்ற எதிர்பார்ப்புடன் தொகுத்து வைக்கப்பட்டு, உரிமக் கட்டணத்துக்கு வழங்கப்படும் படமே அது. நாற்சி ஆட்சியினின்றும் தப்பி வந்த ஒற்றோ பெற்மன் என்பார் 1936 இல் நியூயோர்க்கில் நிறுவிய படக்காப்பகம் இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒன்று. 1989 இல் பில் கேற்ஸ் தொடக்கிய கோர்பிஸ், 1995 இல் உருவான கெற்றி இமேஜஸ் ஆகியன சிதறிக் கிடந்த தொகுப்புக்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிப் பெருநிறுவனங்களாக வளர்ந்தன. 2000 ஆம் ஆண்டில் கனடாவிலே தோன்றிய ஐஸ்ரொக்ஃபோட்டோ, தொழில்முறை சாராத படப்பிடிப்பாளரும் தம் படங்களைச் சிறுவிலைக்கு விற்க வழிசெய்தது. 2006 இல் அதனையும் கெற்றி வாங்கிக்கொண்டது.

இத்தொழிலின் பொருளாதார நியதி மனங்கொள்ளத்தக்கது. ஒரே படம் எத்தனை பேருக்கு விற்கப்படுகின்றதோ அத்துணை இலாபம். பற்பசை விற்பவனுக்கும், காப்புறுதிக் கம்பனிக்கும், வைத்தியசாலைக்கும் அது ஒருங்கே பயன்படல் வேண்டும். ஆகவே படத்தில் தோன்றுபவர் எவருமாகாது, எவராகவும் இருக்கக்கூடியவராக அமைதல் அவசியமாயிற்று. அவருக்குப் பெயரில்லை, ஊரில்லை, அவர் நிற்கும் அலுவலகத்துக்கும் முகவரியில்லை. பொதுமையே இப்படத்தின் விலைப்பெறுமதி. இனி, மேலைத்தேயச் சந்தையில் இந்தப் 'பொது மனிதன்' எந்நிறத்தவனாய் இருந்தான் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

நம் இலக்கண மரபு இவ்விடத்திற் கைகொடுக்கின்றது. செந்தாமரை என்பதில் 'செம்மை' இனஞ்சுட்டிய அடை. வெண்டாமரையினின்றும் அது பிரித்துக் காட்டுகின்றது. செஞ்ஞாயிறு என்பதில் வரும் செம்மையோ இனஞ்சுட்டாதது; வேறு நிறத்து ஞாயிறு இல்லையாதலின். படத்தொகுப்புக்களின் சொல்லகராதியில் 'குடும்பம்' என்ற சொல் நெடுங்காலம் ஞாயிற்றைப்போல நின்றது. அடையின்றித் தேடியோர்க்கு வெள்ளையினக் குடும்பமே பெரும்பாலும் கிடைத்தது. கறுப்பினக் குடும்பத்தையோ ஆசியக் குடும்பத்தையோ வேண்டியவர் அடையிட்டுத் தேடவேண்டியிருந்தது. அடை பெறாதது இயல்பு, அடை பெற்றது விலக்கு என்ற பாகுபாடு, எவரும் வாய்திறந்து கூறாமலே தேடற்சொற்களினூடாக நிலைபெற்றுவிட்டது.

இப்பாகுபாடு தொகுப்பாளரோடு தொடங்கியதுமன்று. கமரா நடுநிலையானது, முன்னே நிற்பதை உள்ளவாறே பதிவுசெய்வது என்பது பரவலான நம்பிக்கை. வரலாறு அந்நம்பிக்கையை ஆதரிப்பதாயில்லை. வர்ணப் படங்களை அச்சிடும் கூடங்கள் நிறச் சமநிலையைச் சரிபார்ப்பதற்கு, கொடக் கம்பனி வழங்கிய மாதிரி அட்டைகளைப் பயன்படுத்தின. அவற்றில் இருந்தவர் வெள்ளையினப் பெண்ணொருவர். முதலில் இவ்வட்டையில் தோன்றியவரின் பெயரால் இவை 'ஷேர்லி அட்டைகள்' எனப்பட்டன. அவளுடைய மேனி சரியாக வந்தால் நிறம் சரி என்பதே அளவுகோல். கறுத்த மேனியர் அப்படங்களில் விவரம் அழிந்த நிழல்களாய் நின்றனர். கனடிய ஆய்வாளர் லோர்னா றொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்துள்ளார். கபில நிறத்தின் வேறுபாடுகளைப் படச்சுருள் காட்டவில்லையென்று சொக்கலேற் உற்பத்தியாளரும் மரத்தளபாட வியாபாரிகளும் முறையிட்ட பின்னரே திருத்த முயற்சிகள் வேகம்பெற்றன என்று அவர் எடுத்துக்காட்டுவது சிந்தனைக்குரியது. மனித முகத்தின் முறைப்பாட்டிலும் பார்க்கப் பண்டத்தின் முறைப்பாடு விரைவிற் செவியேறிற்று. பல இனப் பெண்களையும் ஒருங்கே கொண்ட அட்டை 1990களின் நடுப்பகுதியிலேயே வந்தது.

மேற்கூறியவற்றால், பல இனத்தவரின் படங்களைத் தேடுவோரின் குறைபாடு கற்பனையன்று என்பது பெறப்படும். அவ்வாறாயின், இல்லாத படங்களை ஆக்கி நிரப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? இவ்வினாவுக்கு விடைகாணப் பல்கலைக்கழகமொன்றின் கதையே நமக்குப் பெரிதும் பயன்படும்.

2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் - மடிசன் பல்கலைக்கழகம் புதிய மாணவருக்கான விண்ணப்பக் கையேடொன்றை வெளியிட்டது. அமெரிக்க உதைபந்தாட்டப் போட்டியொன்றைக் கண்டு ஆரவாரிக்கும் மாணவர் கூட்டம் அதன் அட்டையை அலங்கரித்தது. கூட்டத்தில் ஒரு கறுப்பின மாணவரும் முகமலர்ந்து நின்றார். அம்மாணவரோ அத்தகைய போட்டி எதற்கும் சென்றவரல்லர். 1993 இல் எடுக்கப்பட்ட கூட்டத்தின் படத்தில், வேறொரு சந்தர்ப்பத்தில் எடுக்கப்பட்ட அவரது முகம் கணினியின் துணையோடு செருகப்பட்டிருந்தது. முகத்தில் விழுந்த ஒளி ஏனையோர் முகத்தில் விழுந்த ஒளியோடு இயையாமையை மாணவர் பத்திரிகையாளர் கவனித்தமையால் உண்மை வெளிப்பட்டது.

பொறுப்பாளர் கூறிய விளக்கமே இங்கு முக்கியமானது. பல்கலைக்கழகத்தின் இனப் பன்மையைக் காட்டும் மெய்யான படமொன்றைக் கோடைகாலம் முழுவதும் தேடியதாகவும், பொருத்தமானது எதுவும் கிடைக்கவில்லையென்றும் அவர்கள் கூறினர். இவ்விளக்கத்தை நாம் நம்பலாம், நம்பவும் வேண்டும். ஏனெனில் அது அவர்களது செயலை நியாயப்படுத்தாவிடினும், அவர்களது பல்கலைக்கழகத்தைப் பற்றிய உண்மையான சாட்சியமாய் அமைகின்றது. அக்கோடைகாலத் தேடல் வீண்போயிற்று என்று அவர்கள் கருதினர். உண்மையில் அத்தேடல் தான் கண்டறியவேண்டியதைக் கண்டறிந்துவிட்டது. விளையாட்டரங்கின் மகிழ்ச்சியிற் கறுப்பின மாணவர் பங்குகொள்ளாதிருப்பது ஏன், அவர் தொகை அத்துணை குறைவாயிருப்பது ஏன் என்ற வினாக்களை அந்த வெற்றுக் கோப்பே எழுப்பியிருத்தல் வேண்டும். கோப்பு கூறிய உண்மையைக் கத்தரிக்கோல் மறைத்தது.

இது தனியொரு நிறுவனத்தின் தவறு எனக் கொள்வதற்கில்லை. ரிம் பிப்பேட் என்னும் சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவின் 165 உயர்கல்வி நிறுவனங்களது கையேடுகளில் இருந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைக் கணக்கிட்டது. அந்நிறுவனங்களின் மாணவருட் கறுப்பினத்தவர் சராசரியாக 7.9 வீதம், கையேடுகளிலோ 12.4 வீதம். ஆசிய இனத்தவர் மாணவருள் 3.3 வீதம், கையேடுகளில் 5.1 வீதம். இத்தொகைகளை எதிர்கொள்ளும் விமரிசகன் இருவகைத் தவறுகளினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளல் வேண்டும். படத்திற் கறுப்பு முகம் மிகுந்துவிட்டது என்று முணுமுணுப்போருடன் அவன் சேரலாகாது. வீதத்துக்கு வீதம் சரியாக அமைந்துவிட்டால் நேர்மை நிலைநாட்டப்பட்டுவிடும் என்று நம்பவுங்கூடாது. இல்லாதவரை இருப்பவராகக் காட்டும் நிறுவனம், அப்படத்தை நம்பி வரும் இளம் மாணவருக்கு ஒரு வாக்குறுதியை அளிக்கின்றது. படத்திலுள்ள தன்னொத்தாரை வகுப்பறையிலும் விடுதியிலும் தேடிக் காணாது தனித்து நிற்பவர் அவரே. கேடு அங்கேதான் விளைகின்றது.

முகத்தை வெறும் ஒட்டுப்பொருளாக்கும் இவ்வழக்கம் எத்திசையிலும் செயற்படவல்லது என்பதற்கு 2009 ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டைக் காட்டலாம். அவ்வாண்டு ரொறன்ரோ மாநகரசபை வெளியிட்ட கோடைகாலப் பொழுதுபோக்கு வழிகாட்டியின் அட்டையிலுள்ள குடும்பப் படத்திற் கறுப்பின ஆடவர் ஒருவரின் முகம் செருகப்பட்டிருந்தமை வெளியாயிற்று. அதே ஆண்டில் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் அலுவலகக் காட்சிப் படமொன்று போலந்து மக்களுக்கான பதிப்பில் மாற்றப்பட்டது. மூலப்படத்தில் மேசையைச் சுற்றியிருந்த மூவருட் கறுப்பினத்தவராயிருந்தவரின் தலையை நீக்கி வெள்ளையினத்தவர் ஒருவரின் தலையைப் பொருத்தியிருந்தனர். கையை மாற்ற மறந்துவிட்டனர். நிறுவனம் மன்னிப்புக் கோரிப் படத்தை அகற்றிற்று. ஓரிடத்தில் முகம் கூட்டப்பட்டது; மற்றையவிடத்திற் கழிக்கப்பட்டது. நோக்கங்கள் நேர்மாறானவை, முறை ஒன்றே. சந்தை வேண்டினால் வரும், வேண்டாவிடிற் போகும் முகத்துக்குப் படத்தினுள்ளே எத்தகைய உரிமையும் இல்லை. மாற்றப்படாது எஞ்சிய அந்தக் கை, அங்கொரு மனிதர் இருந்தார் என்பதற்குச் சாட்சியாய் நின்றது.

இலக்கியத் திறனாய்வு நன்கறிந்த ஒரு கருத்து இவ்விடத்திற் பொருந்துவது. 1888 இல் மாகிரெற் ஹாக்னெசுக்கு எழுதிய கடிதத்தில் ஏங்கல்ஸ், வகைமாதிரியான பாத்திரங்கள் வகைமாதிரியான சூழ்நிலைகளில் வைத்துக் காட்டப்படுவதை யதார்த்தவாதத்தின் இன்றியமையாப் பண்பாகக் கருதினார். பின்னர் லூக்காச் அதனை விரிவுபடுத்தினார். வகைமாதிரி என்பது சராசரியன்று. தன் காலத்தின் முரண்பாடுகளைத் தன் வாழ்விலே தாங்கிநிற்கும் தனிமனிதரே வகைமாதிரியாவார். கையிருப்புப் படத்தின் மனிதரோ இதற்கு மறுதலையானவர். சூழ்நிலை அவருக்கு இல்லை. ஆகவே முரண்பாடும் இல்லை. வெவ்வேறு நிறத்தவர் நால்வர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒரே தாளைப் பார்த்துப் புன்னகைக்கின்றனர். அவருள் யார் யாருக்கு ஆணையிடுபவர், யாருடைய வேதனம் குறைந்தது, யார் அன்றைக்குத்தான் வேலையிற் சேர்ந்தவர் என்பன அறியக்கூடாதவை. நிறங்கள் உண்டு, உறவுகள் இல்லை. இனப் பன்மை என்பது மனிதரிடையேயுள்ள உறவின் பண்பாதலால், உறவற்ற படத்திற் பன்மையும் இல்லை, எண்ணிக்கையே உண்டு.

இவ்வளவும் கூறியபின், இத்தகைய படங்களைத் தேடுவதே பயனற்றது என்ற முடிவுக்கு எவரேனும் வருவாராயின் அது பெருந்தவறாகும். மருத்துவராக, பொறியியலாளராக, தந்தையாக, காதலராகத் தன்னொத்த முகத்தை எங்கும் காணாது வளரும் பிள்ளைக்கு நேரும் இழப்பு மெய்யானது. யதார்த்தத்தில் இல்லாததைக் காட்டலாகாது என்ற வாதம், யதார்த்தத்தில் இருப்பவரையும் காட்டாது விடுவதற்குச் சாட்டாகவும் பயன்பட்டு வந்துள்ளது. மேலும், கலை இருப்பதை மாத்திரமன்றி இருக்கவேண்டியதையும் காட்டும் உரிமை உடையது. விளம்பரத்துக்கு அவ்வுரிமை உண்டா என்பதே வேறுபாடு. கதாசிரியன் தான் காட்டும் உலகம் புனைவு என்பதை ஒளிப்பதில்லை. கையேடோ 'இது நாம்' என்று கூறுகின்றது. அவ்வாறு கூறுவது, கூறியதற்குக் கட்டுப்பட்டதுமாகும்.

ஆக்கபூர்வமான முயற்சிகள் சில இவ்வேறுபாட்டை உணர்ந்து எழுந்துள்ளன. 2015 அளவில் அமெரிக்காவின் கணினித்துறையிற் பணியாற்றிய வெள்ளையினத்தவரல்லாத பெண்கள் சிலர், தம் தொழிலைச் செய்யும் நிலையில் தம்மையே படமெடுத்து, ஐந்நூறுக்கு மேற்பட்ட படங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டனர். நடிக்க அமர்த்தப்பட்டோர் அல்லர் அவர்கள். கணினியின் முன்னே அமர்வது அவர்களது அன்றாட வாழ்வு. 2017 இல் அமெரிக்காவில் இருவர் தொடக்கிய 'ரோனல்' என்ற படத்தொகுப்பு, படத்தில் தோன்றுவோர் சிலரின் வாழ்க்கைக் குறிப்புகளையும் உடன் வழங்கியது. பெயரின்மையையே முதலாகக் கொண்ட தொழிலிற் பெயர் மீண்டு வந்தமை குறிப்பிடத்தக்கது. 2019 இல் டவ் சவர்க்கார நிறுவனமும் கெற்றியும் கேர்ள்கேஸ் என்ற அமைப்பும் சேர்ந்து ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்களைக் கொண்ட தொகுப்பொன்றை வெளியிட்டன. தம் படம் எச்சொற்களாற் தேடப்படவேண்டும் என்பதைப் படத்திலுள்ள பெண்களே தீர்மானிக்க அதில் இடமளிக்கப்பட்டது. மேலே நாம் கூறிய அடைமொழியின் அதிகாரம், சிறிதளவேனும், அடைகொண்டோர் கைக்கு மாறிற்று. இதன் பின்னே விற்பனை நோக்கம் இல்லையெனக் கூறவியலாது. ஆயினும், யாரைக் காட்டுவது என்பதோடு நில்லாது, காட்டுவதை யார் தீர்மானிப்பது என்ற வினாவும் இங்கு எழுப்பப்பட்டமை ஒரு முன்னேற்றமே.

அண்மைக்காலத்திலே செயற்கை நுண்ணறிவு இப்பிரச்சினைக்கு எளிதான தீர்வாக முன்வைக்கப்படுகின்றது. வேண்டிய நிறத்தில், வேண்டிய வயதில், வேண்டிய உடலமைப்பில் முகங்களை ஆக்கித்தரும் பொறி கைவந்துள்ளபோது கோடைகாலம் முழுவதும் தேடவேண்டியதில்லையல்லவா? லீவைஸ் என்னும் ஆடை நிறுவனம் 2023 இல், தன் ஆடைகளைக் காட்டுவோரின் பன்மையைப் பெருக்குவதற்கு இத்தகைய செயற்கை மாதிரிகளைப் பரீட்சிக்கப்போவதாக அறிவித்தது. உயிருள்ள கறுப்பினப் பெண்ணுக்கு வேலை கொடாது அவளுடைய தோற்றத்தை மாத்திரம் பெற்றுக்கொள்வதோ பன்மை என்று கண்டனம் எழுந்தது. நேரடிப் படப்பிடிப்பைத் தாம் குறைக்கப்போவதில்லையென நிறுவனம் விளக்கம் கூறவேண்டியதாயிற்று. 2024 பெப்புருவரியிற் கூகிள் நிறுவனத்தின் ஜெமினி என்ற பொறி, நாற்சிக் காலத்து ஜேர்மன் படைவீரரையும் கறுப்பினத்தவராகவும் ஆசியராகவும் வரைந்து காட்டியமையால், மனித உருவங்களை ஆக்கும் வசதி சிலகாலம் நிறுத்தப்பட்டது. இனவெறியின் படையையே பல்லினப் படையாகக் காட்டும் பன்மை, வரலாற்றை அழிக்கும் பன்மையாகும். விஸ்கொன்சினில் ஒட்டப்பட்ட முகத்துக்கேனும் உடையவர் ஒருவர் இருந்தார், எழுந்து கேட்டார். பொறி ஆக்கும் முகத்துக்குக் கேட்பாரில்லை. இதுவே அதன் வசதி. இதுவே அதன் அபாயமுமாகும்.

இனப் பன்மையைக் காட்டும் படமொன்றை மதிப்பிடுவதற்கு மூன்று வினாக்கள் போதுமானவை எனத் தோன்றுகின்றது. படத்திலுள்ளவர் அங்கே என்ன செய்கின்றார். பிறரோடு அவருக்குள்ள உறவு யாது? அவரைக் காட்டும் முறையைத் தீர்மானித்ததில் அவருக்குப் பங்கு உண்டா? படம் கூறுவதை நம்பி வருபவர், வந்தவிடத்தில் அதனைக் காண்பாரா? மூன்றாவது வினாவுக்கு 'ஆம்' என்று கூறவியலாத நிறுவனம், படத்தொகுப்பைத் தேடுவதை நிறுத்தித் தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதே முறை. இதழொன்றுக்கோ சங்கமொன்றுக்கோ அட்டைப்படம் தெரிவுசெய்யும் நம்மனோர்க்கும் இவ்வினாக்கள் உரியனவே.

விஸ்கொன்சின் மாணவரின் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரிற்று; அட்டை மாற்றி அச்சிடப்பட்டது. அவர் அதனோடு அமைதியடையவில்லை. தன் முகத்துக்கு விலை கேட்கவுமில்லை. சொல்லளவிலான மன்னிப்புப் போதாது, வரவுசெலவுத் திட்டத்திற் காணக்கூடிய மன்னிப்பே வேண்டும் என்றார். சிறுபான்மை மாணவரைச் சேர்ப்பதற்கும் பன்மை சார்ந்த பிற முயற்சிகளுக்கும் பணம் ஒதுக்கப்படல் வேண்டும் என்பதே அவரது கோரிக்கை. அதன் விளைவாக ஒரு கோடி டொலர் அப்பணிகளுக்கு ஒதுக்கப்பட்டதாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. தன் முகத்தைக் கேளாமலே எடுத்துக்கொண்டோரிடம், அம்முகம் கூறிய பொய்யை மெய்யாக்கித் தருமாறு அவர் கேட்டார். இத்துறையில் எழுதப்பட்ட விமரிசனங்கள் பலவற்றிலும் பார்க்க அக்கோரிக்கை கூர்மையானது.